சித்திக்கு முன்னும் சித்திக்குப் பின்னும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், எழுபதுகளின் இறுதியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினருக்கும் ஓர் உரை என்று சங்கம் முடிவெடுத்தபோது, மற்ற வகுப்பினர் கல்லூரியின் வரலாறு, பழைய அதிபர்கள், வலைப்பந்தாட்டம், தமிழ்த் தினப் போட்டிகள் என்று நல்ல தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒரு நடிகையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தார்கள். சிரித்தது நியாயந்தான். ஆனால் நாங்கள் பகிடிக்கு இந்தத் தலைப்பை எடுக்கவில்லை. நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அதற்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண்ணின் தொழில் வாழ்க்கையை வைத்துச் சொன்னால் இலகுவாக விளங்கும் என்று எங்களுக்குப் பட்டது.

அந்த நடிகை ராதிகா. அவர் நடித்த தொலைக்காட்சித் தொடர் 'சித்தி'. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், அந்தப் பெயரைச் சொன்னதும் முகம் நினைவுக்கு வராதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது.

எங்கள் வகுப்பினர் இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராதிகா 1962 ஓகஸ்ட்டில் பிறந்தவர். ஏறத்தாழ எங்கள் வயது. தந்தை எம். ஆர். ராதா, 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தாலும் படத்தாலும் அழியாப் பெயர் பெற்றவர். தாயார் கீதா இலங்கைத் தமிழ்ப் பெண். ராதிகாவின் பள்ளிப் படிப்பில் ஒரு பகுதி இலங்கையிலும் நடந்தது. ஆகவே முழுவதும் அயல்வீட்டுக் கதையை நாங்கள் சொல்ல வரவில்லை.

பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' 1978இல் வெளியானது. அப்போது ராதிகாவுக்குப் பதினாறு நிறையும் காலம். சுதாகருக்கு ஜோடியாகப் பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக நடித்தார். காதலர்கள் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதிச் செய்தி அனுப்பிக்கொள்ளும் கதை. இங்கே எங்களுக்குப் படத்துக்கு முன்னால் இளையராஜாவின் பாட்டுகள்தான் வந்து சேர்ந்தன. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கணக்குச் செய்த வகுப்பு எங்களுடையது. நாங்கள் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வயதுப் பெண் ஒருத்தி சம்பாதிக்கத் தொடங்கியிருந்தாள்.

அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளை நாங்கள் விரைவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவற்றைத் தாண்டிப் போய்விட முடியாது. 'சித்தி'யில்தான் ராதிகா பிறந்தார் என்று எமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிழை.

1979இல் 'நிறம் மாறாத பூக்கள்'. 1981இல் 'நியாயம் காவாலி' என்ற தெலுங்குப் படம். தெலுங்கில் சிரஞ்சீவியோடு தொடர்ந்து படங்கள். தமிழில் ரஜினிகாந்துடன் 'மூன்று முகம்', 'நல்லவனுக்கு நல்லவன்'. 1985இல் 'மீண்டும் ஒரு காதல் கதை'. இதைக் கவனியுங்கள். அந்தப் படத்தில் மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணாக நடித்ததோடு, படத்தைத் தயாரித்தவரும் ராதிகாதான். இயக்குநரின் முதற்படத்துக்கான இந்திய தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அப்போது தயாரிப்பாளருக்கு இருபதுகளின் தொடக்க வயது. நாங்கள் அந்த வயதில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேநீர் தட்டு நீட்டிக்கொண்டிருந்தோம்.

1986இல் கே. விஸ்வநாத்தின் 'சுவாதி முத்யம்'. சின்னப் பையனோடு விதவையாக நிற்கும் பெண்ணின் பாத்திரம், கமல்ஹாசனுக்கு இணையாக. இந்தியா தன் சார்பில் ஒஸ்கார் விருதுக்கு அனுப்பிய படம் அது. தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று வந்தபோது எங்களில் பலர் அழுதுகொண்டே பார்த்தோம். பிறகு கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'நீதிக்குத் தண்டனை', 'பாசப் பறவைகள்'. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முப்பது வயதுக்குள் ஒரு நடிகை அடையக்கூடியது அனைத்தையும் அவர் அடைந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது?

1993இல் பாரதிராஜா 'கிழக்குச் சீமையிலே' எடுத்தார். அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் நசுங்கும் விருமாயியாக ராதிகா நடித்தார். எங்கள் கருத்தில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு அதுதான். ஆனால் அதில் அவர் வளர்ந்த மகளுக்குத் தாய். வயது முப்பத்தொன்று. இரண்டு ஆண்டு கழித்து 'பசும்பொன்' வந்தது. அதில் ராதிகா தாய், பிரபு மகன். பிரபுவோ ராதிகாவை விட ஏறத்தாழ ஆறு வயது மூத்தவர்! மகனாக நடித்தவர் தொடர்ந்து கதாநாயகனாக இருந்தார். தாயாக நடித்தவருக்குத் தலையில் நரை பூசினார்கள். சினிமாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு விதக் கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

சினிமாவில் மட்டுமா? நம் வீடுகளிலும் முப்பத்தைந்து வயதோடு ஒரு பெண்ணுக்குக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள், இனி உனக்கு என்ன படிப்பு, இனி உனக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ராதிகா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார். தொண்ணூறுகளில் சினிமா நட்சத்திரம் ஒருவர் சின்னத்திரைக்கு வருவது இறக்கம் என்று கருதப்பட்டது. பட வாய்ப்பு இல்லாதவர்கள் போகும் இடம் என்று பேசினார்கள். சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ராதிகா அங்கே நடிக்கப் போனதோடு நிற்காமல், ராடான் என்ற தம் சொந்த நிறுவனத்தோடு போனார்.

இதன் பொருளை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் சன் தொலைக்காட்சியில் தொடர் போடும் தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்கு நிலையத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பிறகு அந்த அரை மணித்தியாலத்துக்குள் வரும் விளம்பர நேரத்தைத் தாமே விற்று, நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சம்பளம் கொடுத்து, மிச்சமிருந்தால் இலாபம் காண வேண்டும். மக்கள் பார்த்தால் சவர்க்காரக் கம்பெனியும் தேயிலைக் கம்பெனியும் வரிசையில் நிற்கும். பார்க்காவிட்டால் நட்டம் முழுவதும் தயாரிப்பாளர் தலையில். வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பென்றால், வாரத்துக்கு ஐந்து அத்தியாயம் தயாராக வேண்டும். நடிகைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய செலவும் அவருக்குத்தான், நடிகையும் அவரேதான்.

'சித்தி' 1999 டிசம்பரில் தொடங்கியது. 2001 நவம்பர் வரை, நானூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். இயக்கியவர் சி. ஜே. பாஸ்கர். ராதிகா சாரதாவாகவும் பிரபாவதியாகவும் இரட்டை வேடத்தில் நடித்தார். மனைவியை இழந்த கிருஷ்ணனாக நடிகர் சிவகுமார். அவருடைய மகள் காவேரிக்குச் சித்தியாக வருகிறாள் சாரதா. மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி என்று காலங்காலமாக நாம் கேட்டுப் பழகிய கதைகளுக்கு நேரெதிராக, வந்த வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளையாகக் கொள்ளும் சித்தி.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1990இல் வசந்த் இயக்கிய 'கேளடி கண்மணி'யைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எஸ். பி. பாலசுப்பிரமணியம் மனைவியை இழந்தவர், ஒரு மகளின் தந்தை. ராதிகா ஆசிரியை. அவளுடைய பெயரும் சாரதாதான்! காது கேளாத, வாய் பேசாத பெற்றோருக்கு ஒரே பிள்ளை. அந்தக் கதையில் அந்தச் சின்ன மகள், அப்பா மறுமணம் செய்வதை விரும்பவில்லை. சாரதா ரீச்சருக்கு அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு சாரதா இன்னொரு வீட்டுக்குள் போகிறாள். இம்முறை கதையின் உரிமையாளர் அவரே. எங்களுக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. திட்டமிட்டுச் செய்ததா என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை. ஆனால் இருபத்தொரு ஆண்டு நடித்துப் பெற்ற அனுபவம் முழுவதும் அந்தப் பாத்திரத்துக்குள் போனது என்பது நிச்சயம். 'சித்தி' வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டமல்ல. அதற்கு முன் உழைத்த வயலில் விளைந்த நெல்.

இங்கே எங்கள் பக்கத்தில் அந்தத் தொடர் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதையும் பதிய வேண்டும். நம் நாட்டில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982இல் வந்தது. ஆனாலும் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சந்தான். 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கிய பிறகுதான் தமிழ் பேசும் வீடுகளில் பெட்டி நாள் முழுவதும் தமிழ் கதைத்தது. 'சித்தி' ஓடிய காலம் யுத்த காலம். சோதனைச் சாவடி, அடையாள அட்டை, இரவில் கதவு தட்டும் சத்தம். 2001இல் வரட்சியால் மின்வெட்டும் வந்தது. வெளியே போக முடியாத இரவுகளில் பெண்களுக்குக் கிடைத்த ஒரே திண்ணை அந்தப் பெட்டி. பார்க்கத் தவறியவளுக்கு, மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் கதை சொல்ல ஒருத்தி இருந்தாள். தமிழ் வீட்டாரும் முஸ்லிம் வீட்டாரும் மலாய் வீட்டாரும் ஒரே கதையைக் கதைத்தோம்.

யாழ்ப்பாணத்துத் தோழிகளின் வீட்டில் அவள் சின்னம்மா. எங்களில் முஸ்லிம்களின் வீட்டில் அவள் சாச்சி. சித்தி என்ற சொல் எங்கள் வாயில் அவ்வளவாகப் புழங்கியதில்லை. அந்தத் தொடருக்குப் பிறகு அது எங்கள் சொல்லும் ஆகிவிட்டது. உம்மாவை இழந்த பிள்ளைகள் இருந்த வீடுகளில், பின்னால் வந்த பெண்ணை அக்கம்பக்கத்தார் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். இதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

இனி, சித்திக்குப் பின்.

புகழ் பெற்ற ஒரு பாத்திரம் நடிகரை என்ன செய்யும் என்பதற்கு நம் கொழும்பிலேயே சாட்சி உண்டு. இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்காராக நடித்த எஸ். ராமதாஸ் சாகும்வரை மரிக்கார் ராமதாஸ்தான். செல்வசேகரன் உபாலி செல்வசேகரன் ஆனார். ராஜகோபால் அப்புக்குட்டி ராஜகோபால் ஆனார். தமிழரான ராமதாஸைத் தெருவில் கண்டால் நம் வாப்பாமார் 'மரிக்கார்' என்று சொந்தக்காரரைப் போலக் கூப்பிட்டார்கள். வானொலிப் பாத்திரத்துக்கே அந்தப் பலம் என்றால் முகமும் தெரியும் தொலைக்காட்சிக்கு எவ்வளவு!

பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழிகளைக் கேட்டுப் பாருங்கள். ஹென்றி ஜயசேன சிங்கள நாடக உலகின் மலை. பிரெக்ட்டின் வெண்கட்டி வட்டக் கதையை 1967இல் 'ஹுணுவடயே கதாவ' என்று மேடையேற்றியவர். பெற்றவளா, வளர்த்தவளா, பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் நாடகம் அது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' படத்தில் பியல். இவ்வளவும் செய்தவரை, 'தூ தருவோ' தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு ஊர் முழுவதும் 'சுது சீயா' என்றே அழைத்தது. வெள்ளைத் தலைமுடிப் பாட்டன். பஸ்ஸில் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் நாடகாசிரியர் அல்ல, அவர்களுடைய சீயா. இதைக் குறை என்று சொல்ல முடியாது. அன்புதான். ஆனால் அந்த அன்பு ஒரு மனிதனின் முப்பது ஆண்டு உழைப்பை ஒரே பெயருக்குள் மூடிவைத்துவிடுகிறது.

இந்தியாவில் 1987இல் தொடங்கிய 'ராமாயண்' தொடரில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவை மக்கள் கண்ட இடத்தில் கும்பிட்டார்கள். 1991இல் பரோடாவிலிருந்து பாராளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள். ஆனால் கும்பிடப்படும் பெண்ணுக்கு வேறு விதமான வேடம் கொடுக்க எந்தத் தயாரிப்பாளருக்குத் துணிவு வரும்? சீதை வந்தாள், நடிகை பின்னால் போய்விட்டாள்.

ராதிகாவுக்கும் சித்திப் பெயர் ஒட்டியது. இன்றுவரை ஒட்டியிருக்கிறது. ஆனால் அவருடைய வேலை அதோடு நிற்கவில்லை. 2002இல் 'அண்ணாமலை'. பிறகு 'செல்வி', 'அரசி', 'செல்லமே'. 2013 முதல் 2018 வரை 'வாணி ராணி'. வாணி வழக்கறிஞர், ராணி வீட்டுப் பெண். இருவரும் இரட்டையர், இருவரும் ராதிகா. ஆயிரத்தைந்நூறு அத்தியாயங்களுக்கும் மேல் போன தொடர். அதற்குப் பின் 'சந்திரகுமாரி'. ஏறத்தாழ இருபது ஆண்டு ஓர் இரவு நேரத்தைத் தம் கையில் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எத்தனை கதாநாயகர்கள் வந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சினிமாவும் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. 2015இல் 'நானும் ரௌடிதான்' படத்தில் பொலிஸ் உத்தியோகத்தராக வந்தார். 2016இல் 'தெறி', 'தர்மதுரை'. 2022இல் 'வெந்து தணிந்தது காடு'. தாய் வேடங்கள்தான். ஆனால் 1995இன் தாய் வேடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று வேறு வேடம் கிடைக்காத காலம். இன்று இந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு வசனமும், சிரிக்க ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு முடியும். சொந்தத் தொழில் உள்ளவரின் பேரம் வேறு.

2019 டிசம்பரில் 'கோடீஸ்வரி' என்ற வினாவிடை நிகழ்ச்சியை நடத்தினார். போட்டியாளர் எல்லோரும் பெண்கள். அதில் ஒரு கோடி ரூபாவை வென்றவர் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேசாத ஒரு பெண். 'கேளடி கண்மணி'யில் அப்படிப்பட்ட பெற்றோருக்கு மகளாக நடித்தவர், முப்பது ஆண்டுக்குப் பிறகு அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வெற்றியைப் பக்கத்தில் இருந்து கண்டார்.

எல்லாம் வெற்றிதான் என்று நாங்கள் சொல்லவில்லை. 2020இல் 'சித்தி 2' தொடங்கியது. முதல் 'சித்தி' மாதிரி அது ஊரை நிறுத்தி வைக்கவில்லை. காலம் மாறிவிட்டது, எல்லோர் கையிலும் தொலைபேசி. 2021இல் அரசியலுக்காக அவர் தொடரை விட்டு விலகினார், தொடர் அவர் இல்லாமலே முடிந்தது. 2024 இந்தியப் பொதுத்தேர்தலில் பாரதீய ஜனதாக் கட்சிக்காக விருதுநகரில் போட்டியிட்டுத் தோற்றார். சீதைக்குக் கிடைத்த ஆசனம் சித்திக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அரசியலோடு எங்களுக்கு உடன்பாடா இல்லையா என்பது இங்கே பேச வந்த விடயமல்ல. தொலைக்காட்சிப் புகழை வாக்குச் சீட்டாக மாற்ற முடியும் என்ற கணக்கு எப்போதும் சரிவராது என்பது மட்டும் தெரிகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'சித்தி'யின் வெற்றிக்குப் பிறகு வந்த தொடர்களில் பெண்கள் அழுதார்கள், அல்லது சதி செய்தார்கள். ஒரு தாலிக்கு நூறு அத்தியாயம். நம் ஆசிரியைகள் பலர் இதைக் கண்டித்தார்கள். மாலையில் படிக்க வேண்டிய பிள்ளை பெட்டிக்கு முன்னால் இருக்கிறாள் என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் உண்மை இருந்தது. திரையில் சாரதா சகித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் எங்கள் கவனம் திரைக்குப் பின்னால் போகிறது. திரையில் சகித்தவளை உருவாக்கிய பெண் சகித்துக்கொண்டிருக்கவில்லை. காலையில் படப்பிடிப்பு, மாலையில் கணக்கு, இடையில் விளம்பரக்காரரோடு பேரம். நம் பெண்கள் சாரதாவிடம் பொறுமையைக் கற்றார்கள். ராதிகாவிடம் முதலாளியாவதைக் கற்றிருந்தால் இன்னும் நல்லது.

ராமதாஸையும் இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. மரிக்கார் என்ற பெயர் அவரை விடவில்லை. ஆனால் அந்தத் தொடரை எழுதியவரும் அவரே. பேனா அவர் கையில் இருந்தது. மற்றவர் கொடுத்த வேடத்தில் நின்றவர்களை அந்த வேடம் வைத்துக்கொண்டது. வேடத்தைத் தாமே ஆக்கியவர்கள் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள். நாங்கள் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ராதிகாவுக்கு எம். ஆர். ராதா தந்தை, கையில் பணம், இருபது ஆண்டுப் பெயர் இருந்தன, எங்களுக்கு என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 'சித்தி' தொடங்கியபோது ராதிகாவுக்கு முப்பத்தேழு வயது. அந்த வயதில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று எங்கள் வகுப்பினர் கூடி இருந்து கதைத்தோம். எங்களில் அரைவாசிப் பேருக்கு மேல் உயர்தரத்தோடு, அல்லது அதற்கும் முன்னால், படிப்பை நிறுத்தியவர்கள். ஒருத்தியின் உம்மாவாக, ஒருத்தரின் மனைவியாக, நல்ல பெயரோடு இருந்தோம். எமது 'சித்தி' வேடம் அதுதான். மனம் நிறைந்து செய்தோம். ஆனால் பிள்ளைகள் திருமணமாகிப் போனதும் அந்தத் தொடர் முடிந்தது. அடுத்த தொடரை எடுக்க எங்களுக்கு ஒரு ராடான் இருக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் கதையை, அவளுடைய அனுமதியோடு சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றாள். நாற்பத்து மூன்று வயதில் கணவரை இழந்தாள். பள்ளியில் மனையியலில் எப்போதும் முதலாவது. வட்டிலாப்பம் அவள் கையால் சாப்பிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுக்கலாம் என்று நினைத்தாள். பெரிய குளிர்சாதனப் பெட்டி வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிய வேண்டும். சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதத் தெரிய வேண்டும். கேட்ட இடமெல்லாம் பிணை கேட்டார்கள். கடைசியில் எங்களில் பதினொரு பேர் சீட்டுப் போட்டு, முதல் சீட்டை அவளுக்குக் கொடுத்தோம். கணக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது எங்கள் வகுப்பில் வங்கியில் வேலை செய்தவள். இன்று அவளிடம் நான்கு பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அதில் இருவர் எமது பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்.

அவளுக்குத் தேவைப்பட்டது கோடிக்கணக்கல்ல. ஒரு சீட்டுத் தொகையும், ஒரு தோழியின் சனிக்கிழமைகளும்.

ஆகவே எமது பிரேரணை இது. நூற்றாண்டு நிதியிலிருந்து கல்லூரி வாசலில் ஒரு நினைவு வளைவு கட்டுவது என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. அழகான எண்ணம். நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் முழு நிதியும் கல்லுக்கும் சீமெந்துக்கும் போக வேண்டாம். அரைவாசியை ஒதுக்கி, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பழைய மாணவிகள் மீண்டும் தொடங்குவதற்கு ஒரு நிதி வைப்போம். நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. உயர்தரத்தில் தவறியவர்களும் அடிப்படைப் பாடநெறியிலிருந்து ஏறிப் போகலாம், வீட்டைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம். அதற்குக் கட்டணம் கொடுப்போம். தையல் இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்க வட்டியில்லாக் கடன் கொடுப்போம். வட்டி இல்லை என்றால் எவருக்கும் மனச்சங்கடம் இல்லை. சட்டம், வங்கி, கணக்கு, சுகாதாரம் தெரிந்த பழைய மாணவிகள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் வந்து இருப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பினால் போதும் என்று நினைக்க வேண்டாம். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாலும் உதவிதான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் சண்டை வரும் என்று சிலர் சொன்னார்கள். வரலாம். அதற்காக மூன்று பேர் கொண்ட குழு, ஒவ்வொரு தசாப்த வகுப்பிலிருந்தும் மாறி மாறி. விண்ணப்பித்தவரின் பெயர் குழுவுக்கு வெளியே போகக் கூடாது. உதவி கேட்டவளைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பினர் வற்புறுத்துகிறோம். எங்கள் பங்காக, அந்தப் பதினொரு பேரின் சீட்டுப் பணம் முழுவதையும் முதல் நன்கொடையாக இன்றே பொருளாளரிடம் கொடுக்கிறோம்.

ராதிகா பாஞ்சாலியாகத் தொடங்கினார். விருமாயி, சாரதா, வாணி, ராணி என்று எத்தனையோ பெயர்களில் வேலை செய்தார். அறுபதைத் தாண்டியும் செய்கிறார். எங்கள் வகுப்பும் அறுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் பின்னால் வரும் தங்கச்சிமார் முப்பத்தைந்திலும் நாற்பதிலும் நிற்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி இன்று இரவு வீட்டுக்குப் போய், தான் விட்ட படிப்பைப் பற்றி வீட்டாரோடு கதைக்கத் தொடங்கினால், இந்த நூற்றாண்டு விழாவுக்கு நாங்கள் வந்தது வீண் போகாது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பொதுக்கூட்டம். தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வந்து கை உயர்த்துங்கள்.